ஊர்க் கிணற்றுக்குப் பூட்டு

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பி.காம். படித்தவன் வேறு எதற்குக் கூப்பிடப் போகிறேன்!

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். ராஜாஜி 1878-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். அந்த ராஜாஜி எழுதி, கடையநல்லூர் வெங்கடராமன் மெட்டமைத்து, எம்.எஸ். பாடிப் பிரபலமானது 'குறை ஒன்றும் இல்லை'. ஓசூரில் எந்த பஜனைக் கூட்டத்துக்குப் போனாலும் முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் அதை ஆரம்பித்துவிடுவார். ஏதோ ஆழ்வார் பாசுரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம் எண்ண வேண்டும். எண்ணினால் 2032 டிசம்பர் 31-ல் வந்து நிற்கிறது. அதே பஜனையில் தெலுங்கில் அன்னமாச்சார்யா, கன்னடத்தில் புரந்தரதாசர், தமிழில் அருணகிரிநாதர் என்று மூன்று மொழியிலும் பாடுவார்கள். அந்த வரிகளெல்லாம் நானூறு வருஷத்துக்கும் மேல் பழசு. யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நம்ம ஊர்க்காரர் எழுதியது மட்டும் இன்னும் கணக்கில் நிற்கிற சொத்து!

உடனே பஜனைக் குழுவினர் பயப்பட வேண்டாம். டிக்கெட் வாங்காத கூட்டத்தின் முன் அமெச்சூர் குழு பாடினாலோ, மத நிறுவனத்தின் நன்மைக்காக அந்தக் குழு பாடினாலோ, நிஜமான மதச் சடங்கில் பாடினாலோ அது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும்கூட அந்தச் சடங்குக் கணக்கில்தான் வருகின்றன. இதை நினைவுபடுத்தி 2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு பொது அறிவிப்பே வெளியிட்டது.

2017-ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாட்டில் டீக்கடை டீக்கடையாகக் காப்பிரைட் சட்டம் பேசினார்கள். அது சினிமாப் பாட்டு. மெட்டுப் போட்டவர் யார், எழுதியவர் யார், பாடியவர் யார் என்பது குழந்தைக்கும் தெரியும். பாட்டைப் போட்டது யார் என்றே தெரியாதபோது என்ன செய்வது? அந்தக் கேள்வி எனக்கு ஒரு போன் காலாக வந்தது.

பேசியவர் அஞ்செட்டிப் பக்கத்து இளைஞர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. அவரும் ஷிப்ட் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு கம்பெனி வாசலில், பொங்கலுக்கு, உகாதிக்கு என்று பாடுவார்கள். ஓசூர் கூட்டம் என்றால் மூன்று மொழியிலும் பாடியாக வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசையிலேயே சண்டை வந்துவிடும்.

"சார், எங்க அஜ்ஜி பாட்டுக்கு எங்களையே திருடன்னு சொல்றாங்க சார்."

அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. அந்தப் பாட்டி திரிகையில் ராகி அரைக்கும்போது பாடிய பாட்டு. 2019-ல் பேரன் அதைச் செல்போனில் பிடித்து இணையத்தில் தன் சேனலில் போட்டிருக்கிறார். அப்புறம் குழுவாகத் தாங்கள் பாடியதையும் போட்டிருக்கிறார். ரொம்ப நாள் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு நாள், 'இந்தக் காணொளியில் இருக்கும் இசை எங்களுக்குச் சொந்தம்' என்று ஓர் இசைக் கம்பெனி உரிமை கோரியிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. இரண்டு காணொளிக்கும் சேர்த்து. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் அதே பழைய மெட்டை எடுத்து, கிடார், டிரம்ஸ் எல்லாம் சேர்த்து ஓர் ஆல்பம் வெளியிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, பாட்டியைத் திருடியாக்கிவிட்டது. ஆல்பம் வருவதற்கு முன்பே பாட்டி இறந்துபோனார் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

"விளம்பரக் காசுதானே தம்பி, போனால் போகட்டுமே?" என்றேன்.

"காசு ஒரு பிரியாணிக்குக்கூட வராது சார். இது மாதிரி புகார் மூணு வாட்டி வந்தா சேனலையே மூடிருவாங்கன்னு பயமுறுத்தறாங்க. பழைய போன் உடைஞ்சு போச்சு. அஜ்ஜி அதுலதான் இருக்கு சார்."

அதற்குப் பிறகு நானும் சும்மா பேசிக்கொண்டிருக்க முடியவில்லை.

'ஒரு பாட்டு' என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். சட்டத்தின் லெட்ஜரில் அது தனித்தனிக் கணக்கு. வரிகளுக்கு ஒரு கணக்கு. மெட்டுக்கு ஒரு கணக்கு. பதிவு செய்த ரிக்கார்டுக்கு ஒரு கணக்கு. பாடியவரின் பாடலுக்கு ஒரு கணக்கு. ஒன்று முடிந்துவிட்டது என்பதால் இன்னொன்று முடிந்ததாக ஆகாது. அன்னமாச்சார்யாவின் வரிகள் 15-ம் நூற்றாண்டு. ஆனால் இன்று மேடையில் கேட்கிற மெட்டுகளில் பல, நெதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் நம் காலத்தில் போட்டவை. அவர் மறைந்தது 2014-ல்தான். கந்த சஷ்டி கவசத்தை தேவராய சுவாமிகள் எழுதியது 19-ம் நூற்றாண்டில். அதை நீங்கள் தாராளமாகப் பாடலாம், ரிக்கார்டு செய்து விற்கலாம். ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய அந்த ரிக்கார்டைக் காப்பி அடித்து விற்கக்கூடாது. ஒரு ரிக்கார்டு வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அதற்கும் 60 வருஷக் கணக்கு உண்டு.

தம்பிக்கு இதை இப்படிச் சொன்னேன். பாரம்பரியப் பாட்டு என்பது ஊர்க் கிணறு. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். இறைத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் இறைத்தவருடையது. அதை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போனால் திருட்டு. அந்தக் கம்பெனி கிடார் சேர்த்துப் பண்ணிய ஆல்பம் அவர்கள் குடம். அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் குடம் வைத்திருக்கிறேன் என்பதற்காகக் கிணற்றுக்கே பூட்டுப் போட முடியாது.

"போட்டுட்டாங்களே சார்!" என்றார்.

போடுவார்கள். உலகத்திலேயே அதிகமாகப் பாடப்படுகிற பாட்டு எது? ஓசூர் பேக்கரிகளில் கேக் வெட்டும்போதெல்லாம் கேட்கிறோமே, 'ஹேப்பி பர்த்டே' பாட்டு. அதன் மெட்டு அமெரிக்காவில் மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்ற இரண்டு சகோதரிகளுடையது. 1893-ல் பள்ளிக் குழந்தைகள் காலை வணக்கம் சொல்கிற பாட்டாகப் புத்தகத்தில் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து வரிகள் பிறகு அதில் ஏறிக்கொண்டன. அதற்கு உரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லி வார்னர் சாப்பல் கம்பெனி சினிமாக்காரர்களிடம் பல வருஷம் காசு வாங்கியது. அந்தப் பாட்டைப் பற்றியே டாக்குமென்டரி எடுக்கப் போன ஒரு பெண்மணியிடமும் 1,500 டாலர் வாங்கினார்கள். அவர் 2013-ல் கோர்ட்டுக்குப் போனார். 1922-ம் வருஷத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று தேடி எடுக்கப்பட்டது. அதில் காப்பிரைட் அறிவிப்பு எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டு அச்சாகி இருந்தது. அந்த வரிகளுக்கு உங்களிடம் செல்லுபடியாகும் உரிமை இல்லை என்று 2015-ல் நீதிபதி சொன்னார். அடுத்த வருஷம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு சமரசம் ஆயிற்று.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். உரிமை கோருவது வேறு, உரிமை இருப்பது வேறு. யாரும் எதிர்த்துக் கேட்காதவரை இரண்டும் ஒன்று மாதிரியே தெரியும்.

உரிமை நிஜமாகவே இருந்தால்கூட ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. பாரதியார் 1921-ல் மறைந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. பாட்டுகளின் கிராமபோன், ரேடியோ உரிமை ஒரு வியாபாரி கைக்குப் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-ல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகளை நாடே கேட்டது. அடுத்து டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது, உரிமை என்னிடம் இருக்கிறது என்று செட்டியார் சட்டப்படி ஆட்சேபித்தார். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் தேசமே பாடுகிற பாட்டு ஒருவர் பெட்டியில் இருக்கலாமா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் உரிமைகளை வாங்கியது. செட்டியார் காசு வாங்காமலே கொடுத்தார். புத்தக உரிமை வைத்திருந்த பாரதியின் தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000. பிறகு அந்தப் பாட்டுகள் எல்லோருக்கும் பொதுவாயின. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

பாரதிக்காகப் பேச இத்தனை பேர் இருந்தார்கள். அஞ்செட்டிப் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

பாட்டியின் பாட்டு எந்த மொழி என்று கேட்டேன். "கன்னடம்தான் சார். நடுவுல தமிழ் வரும். பக்கத்து ஊர்ல இதையே தெலுங்குல பாடுவாங்க" என்றார் தம்பி. அந்தப் பக்கம் எல்லாமே அப்படித்தான். ராகி மாவைக் கிண்டினால் தமிழனுக்குக் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. உருண்டை ஒன்றுதான். ஜூஜூவாடியில் செக்போஸ்ட் போட்டு லாரியை நிறுத்தலாம், பாட்டை நிறுத்த முடியாது. மாதேஸ்வரன் மலைச் சாமி பேரில் பாடுகிற 'சோஜுகாத சூஜு மல்லிகே' என்ற கன்னட நாட்டுப் பாட்டு, 2021-ல் ஒரு கன்னடப் படத்தில் வந்த பிறகு நம் பக்கத்துப் பையன்கள் செல்போன்களிலெல்லாம் ஒலித்தது. நல்ல விஷயம். கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊற்று. சினிமாக்காரர் இறைத்ததில் தப்பே இல்லை.

ஒரு வக்கீல் நண்பரிடமும் கேட்டுக்கொண்டு, தம்பியிடம் ஒரு வேலை கொடுத்தேன். அந்தக் கம்பெனியின் ஆல்பத்தை அவர்களுடைய பக்கத்திலேயே திறந்து, பாடலாசிரியர் பெயர் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் போன்.

"டிரெடிஷனல்னு போட்டிருக்காங்க சார்! மியூசிக்கும் டிரெடிஷனல், அரேஞ்ச்மென்ட் மட்டும் அவங்க ஆளு பேரு."

இதைவிடப் பெரிய சாட்சி எதற்கு? வரியும் மெட்டும் எங்களுடையது இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, பாட்டியின் பதிவு 2019-லேயே வந்துவிட்டது என்ற தேதியையும் சேர்த்து, ஆட்சேபணை அனுப்பினார் தம்பி. பதில் சொல்லக் கம்பெனிக்கு 30 நாள் கெடு. மூன்றாவது வாரத்தில் ஒரு வரி வந்தது. உரிமை கோரல் விலக்கிக்கொள்ளப்பட்டதாம். மன்னிப்பு, வருத்தம் எதுவும் கிடையாது.

இது மாதிரி சிக்கல் வருகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய தொகுப்புகளைத் தேடுங்கள். பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்து, கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-ல் வந்தது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-ல் வந்தது. உங்கள் பாட்டு இப்படி ஒரு புத்தகத்தில் இருந்துவிட்டால், நேற்று நான்தான் எழுதினேன் என்று எவரும் வாயைத் திறக்க முடியாது.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் தம்பியின் காணொளியைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. தலைப்பில் குழுவின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று இருந்தது. பாட்டியின் பெயர் எங்கேயும் இல்லை.

"கம்பெனிக்காரன் போட்ட அதே வார்த்தையைத்தானே தம்பி நீங்களும் போட்டிருக்கீங்க?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பாட்டு பாட்டியுடையது இல்லைதான். ஆனால் பாடியது பாட்டியுடையது. நம் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. நிகழ்த்துகிறவர்களுக்கு என்று தனி உரிமை 1994-ல் சேர்க்கப்பட்டது. நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, ஏன், பாம்பாட்டி வரைக்கும் அந்தப் பட்டியலில் உண்டு! அவர்கள் சம்மதம் இல்லாமல் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்யவோ, பதிவை எடுத்துக் காசு பண்ணவோ கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இன்னார் பாடியது என்று பெயர் சொல்லிக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. நிகழ்த்திய வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 வருஷம். பாட்டி பாடியது 2019. கணக்குப் போட்டால் 2069 டிசம்பர் 31 வரை அந்தப் பாடல் பாட்டியின் கணக்கில் நிற்கும். கைநாட்டு வைத்துக் கூலி வாங்கிய பாட்டி, ராஜாஜியைத் தாண்டி இன்னும் 37 வருஷத்துக்கு ஒரு சொத்துக்காரி!

இது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரித்திருப்பார். ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். கிராமத்துக்குப் போய் மைக்கை நீட்டி, ஒரு புடவையும் இருநூறு ரூபாயும் கொடுத்துவிட்டுப் பாட்டை வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால், 'நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லையே' என்பார்கள். பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பது நிஜம். அதைச் சொல்லியே பாடியவளையும் யாரோ ஆக்கிவிடுகிறார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது, அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றிச் சொல்லப்போய்த்தானே அப்படி ஒரு மனுஷி இருந்தது ஊருக்குத் தெரிந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் ஊருக்கு அழைத்துப் போனார். முதல் வேலையாக, பாட்டியின் பதிவுகளை இரண்டு பென் டிரைவில் ஏற்றி ஒன்றை அவர் அம்மாவிடமே கொடுக்கச் சொன்னேன். திரிகைக் கல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. மேல்கல் மட்டும் தனியாக, துணி துவைக்க.

பாட்டு யாருடையது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "கல்லுதுங்க" என்றார். "சும்மா பாடச் சொன்னா எங்க அத்தைக்கு வராது. கல்லு சுத்தினா தானா வரும். அத்தைக்கு அவங்க அத்தை சொல்லிக் குடுத்தது."

தம்பி உற்சாகமாகிவிட்டார். "சார், அதையும் போட்டுரலாம். பாடியவர், அஜ்ஜி பேரு. கற்றுக் கொடுத்தவர்னு ஒரு வரி, அஜ்ஜியோட மாமியார் பேரு." செல்போனை எடுத்து டைப் செய்ய ஆரம்பித்தார். பாட்டியின் பெயர் ஏறியது. அடுத்த வரியில் நிறுத்தி, அம்மாவைப் பார்த்தார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டிலும் கேட்டார்கள்.

"அத்தைன்னுதான் கூப்பிடுவாங்க. பேரு யாருக்கும் தெரியலீங்க."